பள்ளிப் பிள்ளைகளுக்குச் செஸ்: சேலம், ஏற்காடு பக்கம் அடிக்கடி வரும் கேள்விகள்

சேலத்தில் ஒரு பள்ளியிலும், சில சனிக்கிழமைகளில் ஏற்காட்டு மலைக் கிராமங்களிலும் பிள்ளைகளுக்குச் செஸ் சொல்லித் தருகிறேன். 2022-ல் மாமல்லபுரத்தில் ஒலிம்பியாட் நடந்தபோது பள்ளிக்குப் பள்ளி போட்டி வைத்தார்கள், அதோடு ஒரு அலை வந்தது. 2024 டிசம்பரில் குகேஷ் சிங்கப்பூரில் டிங் லிரெனை ஜெயித்து 18 வயதில் உலக சாம்பியன் ஆனதும் இன்னொரு அலை. பெற்றோரும், "நீங்களே செஸ் எடுங்க சார்" என்று தலைமையாசிரியர் சொல்லி மாட்டிக்கொண்ட ஆசிரியர்களும் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன். காய்களுக்கு ராஜா, ராணி, யானை, பிஷப், குதிரை, சிப்பாய் என்றே பெயர் எழுதியிருக்கிறேன். உங்கள் பக்கம் வேறு பெயர் புழங்கினால் அதையே வைத்துக்கொள்ளுங்கள், ஒரே வகுப்பில் ஒரு காய்க்கு இரண்டு பெயர் இல்லாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

எந்த வயதில் தொடங்கலாம்?

ஆறு, ஏழு வயது சரியாக இருக்கும். ஆனந்த் ஆறு வயதில் அம்மாவிடம் கற்றுக்கொண்டார், குகேஷ் ஏழு வயதில் தொடங்கினார். அதற்காக எட்டாம் வகுப்புப் பையன் "லேட் ஆயிடுச்சா சார்?" என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வேன். பெரிய பிள்ளைக்கு விதிகள் இரண்டு வகுப்பில் ஏறிவிடும், சின்னப் பிள்ளைக்கு இரண்டு மாதம் ஆகும். நான்கு வயதுக் குழந்தையைக் கூட்டிக்கொண்டு வருகிறவர்களிடம் மட்டும் கொஞ்சம் பொறுக்கச் சொல்கிறேன். காயை வாயில் போடாத வயது வரட்டும்.

எனக்கே சரியாக ஆடத் தெரியாது. நான் எப்படிச் சொல்லித் தருவது?

தாராளமாகச் சொல்லித் தரலாம். தொடக்கநிலைப் பிள்ளைகளுக்கு வேண்டியது பெரிய ஆட்டக்காரர் இல்லை, விதியைச் சரியாகச் சொல்பவரும் சண்டையைத் தீர்த்து வைப்பவரும்தான். நன்றாக ஆடுகிறவர் வகுப்பெடுத்தால் சிலசமயம் அவரே பேசிக்கொண்டிருப்பார், பிள்ளைகள் கொட்டாவி விடும். 45 நிமிட வகுப்பு என்றால் உங்கள் பேச்சு 10 நிமிடம், மீதி நேரம் அவர்கள் ஆடணும், நீங்கள் பலகைக்குப் பலகை நடந்துகொண்டே இருக்கணும். அதுதான் வேலை.

முதல் வகுப்பில் எதைச் சொல்லித் தருவது?

பலகையை வைப்பதைத்தான். எட்டுக்கு எட்டு, 64 கட்டம். ஆடுபவரின் வலது கைப்பக்க மூலையில் வெள்ளைக் கட்டம் வரணும். இதைத் திருப்பி வைத்துவிட்டால் ராஜாவும் ராணியும் இடம் மாறிப்போகும், பாதி ஆட்டம் போனபிறகுதான் யாராவது கவனிப்பார்கள். வெள்ளை ராணி வெள்ளைக் கட்டத்தில், கருப்பு ராணி கருப்புக் கட்டத்தில்.

அப்புறம் ஆறு காய்களின் நடையையும் ஒரே மூச்சில் சொல்லி "சரி, ஆடுங்க" என்று விட்டுவிடாதீர்கள். பெரும்பாலான இடங்களில் இதுதான் நடக்கிறது. பிள்ளை தலையாட்டும், ஆனால் ஆட்டத்தில் குதிரை யானை மாதிரி ஓடும். முதல் நாள் மற்ற காயெல்லாம் பெட்டியில் இருக்கட்டும், சிப்பாய் மட்டும் 8-க்கு 8 வைத்து ஆட விடுங்கள். எந்தச் சிப்பாய் முதலில் எதிர்க் கரையைத் தொடுகிறதோ அந்தப் பக்கம் ஜெயித்தது. நேராக நடக்கும், குறுக்காக வெட்டும், முதல் நகர்வில் மட்டும் விரும்பினால் இரண்டு கட்டம், பின்னால் வராது. ஆறு காய்களில் அதிகமாகக் குழப்புவது சிப்பாய்தான், நடையும் வெட்டும் வேறு வேறாக இருப்பது அது ஒன்றுக்குத்தான். ஆனாலும் அதையே முதலில் வைக்கச் சொல்கிறேன், ஏனென்றால் ஒரு ஆட்டம் சில நிமிடத்தில் முடிந்துவிடும், தோற்றவன் உடனே "இன்னொரு ஆட்டம்" என்பான், அந்தப் பசி முதல் நாளே வந்துவிடணும்.

அடுத்தடுத்த வகுப்புகளில் ஒவ்வொரு காயாக உள்ளே விடுங்கள். யானை, பிஷப், இரண்டும் சேர்ந்த நடைக்கு ராணி, பிறகு ராஜா, கடைசியில் குதிரை.

குதிரை நடை மட்டும் ஏறவே மாட்டேன் என்கிறதே?

எல்லோருக்கும் அப்படித்தான். "எல் மாதிரி" என்று சொன்னால் சில பிள்ளைகள் ஒன்றுக்கு ஒன்று போகும், சில பிள்ளைகள் மூன்றுக்கு இரண்டு போகும். நான் இப்படிச் செய்ய வைக்கிறேன்: நேராக இரண்டு கட்டம் விரலால் எண்ணு, அப்புறம் பக்கவாட்டில் ஒன்று. கிளம்பிய கட்டம் வெள்ளை என்றால் இறங்கும் கட்டம் கருப்பு. நிறம் மாறவில்லை என்றால் தப்பாக வைத்துவிட்டாய். இந்தச் சோதனையைப் பிடித்துக்கொண்ட பிள்ளை தன் தப்பைத் தானே திருத்திக்கொள்ளும், உங்களைக் கூப்பிடாது.

நடு பலகையில் குதிரையை வைத்து எத்தனை கட்டத்துக்குப் போக முடியும் என்று கேளுங்கள், 8. மூலையில் வைத்துக் கேளுங்கள், 2 தான். "ஓரத்துல வெக்காதே" என்று பத்து தடவை சொல்வதைவிட அவர்களே எண்ணிப் பார்த்துவிட்டால் அது நிற்கும். இதே கேள்வியை யானைக்குக் கேட்டால் வேடிக்கை: காலிப் பலகையில் எங்கே வைத்தாலும் 14 தான், சில பிள்ளைகள் நம்பாமல் நாலு இடத்தில் வைத்து எண்ணிப் பார்க்கும்.

விதியெல்லாம் தெரிந்துவிட்டது, ஆனால் ராணியைச் சும்மா தூக்கிக் கொடுத்துவிடுகிறான். என்ன செய்வது?

இந்தப் பக்கத்தில் எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான், அதனால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன். தொடக்கநிலைப் பிள்ளைகள் தோற்பது யோசனை போதாமல் இல்லை, பார்க்காமல். தன் காயை மட்டும் பார்ப்பான், எதிராளி இப்போது வைத்த காயைப் பார்க்க மாட்டான். மனதுக்குள் ஒரு திட்டம் ஓடிக்கொண்டிருக்கும், எதிர்ப்பக்கம் என்ன வந்தாலும் அதையே வைப்பான். எத்தனை புத்தகம் வாங்கிக் கொடுத்தாலும் இந்தப் பழக்கம் மாறாதவரை பிரயோஜனமில்லை.

நான் இரண்டே கேள்விதான் பழக்குகிறேன். அவன் இப்போது வைத்த காய் எதை வெட்டப் பார்க்கிறது? நான் வைக்கப்போகும் கட்டத்தில் என் காயை யாராவது வெட்ட முடியுமா? காயைத் தொடுவதற்கு முன்னால் இந்த இரண்டும். கை துறுதுறு என்று இருக்கும் பிள்ளையை இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்காரச் சொல்லுங்கள். சிரிப்பாக இருக்கும், ஆனால் கையை வெளியே எடுக்கும் அந்த நொடியில் கண் ஒருமுறை பலகையைச் சுற்றி வந்துவிடும்.

இன்னொரு பயிற்சி: நடு ஆட்டத்தில் இரண்டு பேரையும் நிறுத்தி, "உன்னோட எந்தெந்தக் காய்க்குக் காவல் இல்லை, சொல்லு" என்று கேளுங்கள். முதல் தடவை ஒன்றிரண்டைச் சொல்வார்கள், எண்ணிப் பார்த்தால் நாலைந்து இருக்கும். எதிராளியின் காவல் இல்லாத காய்களையும் சொல்ல வையுங்கள். வாரத்துக்கு ஒரு ஆட்டத்தில் இதைச் செய்தாலே ஒரு மாதத்தில் வித்தியாசம் தெரியும்.

காய்களின் மதிப்பையும் இந்தச் சமயத்தில் சொல்லிவிடலாம். சிப்பாய் 1, குதிரை 3, பிஷப் 3, யானை 5, ராணி 9. ராஜாவுக்கு மதிப்பெண் கிடையாது, அவர் போனால் ஆட்டமே போச்சு. இது விதி இல்லை, கணக்குக்கு ஒரு கைப்பிடி, அவ்வளவுதான். "யானையைக் குடுத்துக் குதிரையை வாங்கினா லாபமா நஷ்டமா?" என்று கேட்டால் மூன்றாம் வகுப்புக்கும் பதில் தெரியும்.

செக், செக்மேட், ஸ்டேல்மேட் மூன்றையும் குழப்பிக்கொள்கிறார்கள்.

எதிராளியின் காய் ராஜாவைத் தாக்கினால் செக். செக்கில் இருந்து தப்ப மூன்று வழி: ராஜா நகர்ந்துவிடலாம், நடுவில் ஒரு காயை நிறுத்தலாம், செக் கொடுத்த காயை வெட்டலாம். குதிரை செக் கொடுத்தால் நடுவில் நிறுத்துவது செல்லாது, அது தாண்டிவிடும். மூன்றும் முடியாவிட்டால் மேட். பிள்ளைகள் முதல் வழியை மட்டும்தான் பார்க்கும், ராஜாவைத் தூக்கிக்கொண்டு ஓடும். அதனால் "வெட்ட முடியுமா?" என்பதை முதலில் கேட்கப் பழக்குங்கள்.

ஸ்டேல்மேட்டில்தான் சண்டை வரும். ராஜாவுக்குச் செக் இல்லை, ஆனால் அவரும் நகர முடியாது, வேறு எந்தக் காயும் நகர முடியாது: ஆட்டம் டிரா. மலைக் கிராமத்துப் பிள்ளைகள் பலருக்கு ஆடுபுலி ஆட்டம் தெரியும். அதில் புலி நகர வழியில்லாமல் அடைபட்டால் ஆட்டுக்காரன் ஜெயித்தான். அதே நினைப்பில் "நான்தான் அடைச்சுட்டேனே, எப்படி சார் டிரா?" என்று கோபித்துக்கொள்கிறார்கள். கோபம் நியாயம்தான், ஆனால் செஸ்ஸில் அடைத்தால் போதாது, அடைத்த இடத்தில் தாக்கவும் வேண்டும். ஆடுபுலி தெரிந்த பிள்ளைக்கு இந்த ஒரு வரியில் விஷயம் புரிந்துவிடுகிறது.

பலகையில் காட்ட ஒரு நிலை (கட்டங்களின் பெயர்: வெள்ளைக்கு இடமிருந்து வலமாக ஏ முதல் ஹெச் வரை, வெள்ளைப் பக்கத்திலிருந்து மேலே 1 முதல் 8 வரை): கருப்பு ராஜா ஹெச்8 மூலையில் தனியாக, வெள்ளை ராணி ஜி6-ல், வெள்ளை ராஜா எங்கோ தூரத்தில். கருப்பு நகர்த்தணும். ஜி8, ஜி7, ஹெச்7 மூன்றும் ராணியின் பிடியில், ஆனால் ஹெச்8-ல் செக் இல்லை. டிரா. ஒரு ராணியே அதிகமாக இருந்தும் டிரா என்றால் வகுப்பே "ஐயோ" என்று சொல்லும்.

மேட் செய்வதை எங்கிருந்து தொடங்குவது?

இரண்டு யானை, எதிரில் தனி ராஜா. ஒரு யானை ஒரு வரிசையை மறிக்கும், இன்னொன்று அடுத்த வரிசையில் செக் கொடுக்கும், ராஜா ஒரு படி பின்னால் போவார், இப்படியே கடைசி வரிசைவரை. ராஜா யானைக்குப் பக்கத்தில் வந்து மிரட்டினால் யானை அதே வரிசையில் மறுகோடிக்கு ஓடிவிடணும், இதை மறக்காமல் சொல்லுங்கள்.

அது கைவந்ததும் ராணியும் ராஜாவும் சேர்ந்து தனி ராஜாவை மேட் செய்வது. ராணியை எதிரி ராஜாவிடமிருந்து எப்போதும் ஒரு குதிரைத் தாவல் தூரத்தில் வையுங்கள். அவர் நகர நகர ராணியும் அதே மாதிரி நகர்ந்தால் அவரே ஓரத்துக்குப் போய்ச் சேருவார். அவர் மூலைக்குள் போனவுடன் மட்டும் இந்தத் தந்திரத்தை நிறுத்திவிடணும், இல்லையென்றால் மேலே சொன்ன அதே ஜி6, ஹெச்8 ஸ்டேல்மேட். பிறகு உங்கள் ராஜாவைப் பக்கத்தில் கொண்டுவந்து முடியுங்கள். பள்ளிப் போட்டிகளில் ஜெயிக்க வேண்டிய ஆட்டம் டிரா ஆவது பெரும்பாலும் இங்கேதான்.

காஸ்லிங் எப்போது செல்லும், எப்போது செல்லாது?

காஸ்லிங் என்பது ராஜாவும் ஒரு யானையும் ஒரே முறையில் சேர்ந்து நகர்வது. அந்த ராஜாவும் அந்த யானையும் அதுவரை நகர்ந்திருக்கக் கூடாது, நடுவில் காய் இருக்கக் கூடாது. ராஜா இப்போது செக்கில் இருக்கக் கூடாது, தாண்டும் கட்டத்திலும் போய் நிற்கும் கட்டத்திலும் செக் வரக் கூடாது. ராஜா இரண்டு கட்டம் நகர்வார், யானை அவரைத் தாண்டிப் பக்கத்தில் வந்து நிற்கும். "யானையை ஒருத்தன் தாக்குறான், அப்போ காஸ்லிங் கிடையாது" என்று பிள்ளைகளே ஒரு விதி வைத்திருப்பார்கள். அப்படியெல்லாம் இல்லை, யானை தாக்கப்பட்டாலும் செல்லும். அதேபோல முன்னால் ஒருமுறை செக் வாங்கி, ராஜா நகராமலே தப்பித்திருந்தால் பிறகு காஸ்லிங் செய்யலாம். போட்டியில் ஒரே கையால், ராஜாவை முதலில் தொட்டுச் செய்யணும்.

அந்த "பக்கத்தில் போகும் சிப்பாயை வெட்டும்" விதி உண்மையா?

உண்மைதான், ஆன்பாசான் என்பார்கள். உங்கள் சிப்பாய் உங்கள் பக்கத்திலிருந்து எண்ணினால் ஐந்தாவது வரிசையில் நிற்கிறது. எதிராளி பக்கத்துக் கோட்டுச் சிப்பாயை முதல் நகர்விலேயே இரண்டு கட்டம் தள்ளி உங்கள் சிப்பாய்க்குப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்துகிறார். அது ஒரு கட்டம்தான் வந்தது என்று வைத்துக்கொண்டு நீங்கள் குறுக்காக வெட்டலாம். உடனே அடுத்த நகர்விலேயே வெட்டணும், பிறகு கிடையாது. சிப்பாய் மட்டும் வைத்து ஆடும் ஆட்டத்தில் இது தானாகவே வரும், அப்போது சொல்லிவிட்டால் சுலபம்.

சிப்பாய் கடைசி வரிசைக்குப் போனால் வெட்டுப்பட்ட காயைத்தான் எடுக்கணுமா?

இல்லை. ராணி, யானை, பிஷப், குதிரை எது வேண்டுமானாலும் ஆகலாம், பலகையில் ஏற்கெனவே ராணி இருந்தாலும் இரண்டாவது ராணி வரலாம். வீட்டில் இன்னொரு ராணி இல்லாமல் யானையைத் தலைகீழாக வைத்து ஆடுவோம் இல்லையா, போட்டியில் அப்படி வைத்தால் அது யானையாகத்தான் கணக்கு. கடிகாரத்தை நிறுத்தி, நடுவரைக் கூப்பிட்டு ராணி கேட்கணும்.

"செக்" என்று வாயால் சொல்லணுமா?

வேண்டியதில்லை. உலக செஸ் அமைப்பான ஃபிடேயின் விதியில் அப்படி ஒன்று இல்லை. "அவன் செக் சொல்லல சார், அதான் நான் பாக்கல" என்பது போட்டியில் எடுபடாது. வகுப்பில் முதல் சில வாரம் சொல்லட்டும், பிறகு நிறுத்திவிடுங்கள், அப்போதுதான் பார்க்கப் பழகுவார்கள். ராணியைத் தாக்கும்போது "கார்டு" சொல்வதெல்லாம் வீட்டு மரியாதை, அவ்வளவுதான். ராஜாவை வெட்டித் தூக்குவதும் கிடையாது. எதிராளி செக்கைக் கவனிக்காமல் வேறு காயை வைத்துக் கடிகாரத்தையும் அழுத்திவிட்டால் நடுவரைக் கூப்பிடணும். நீண்டநேர ஆட்டத்தில் இப்படிச் செல்லாத நகர்வு வைத்தால் முதல் தடவை எதிராளிக்கு 2 நிமிடம் கூடுதலாகக் கொடுப்பார்கள், இரண்டாவது தடவை ஆட்டம் போய்விடும்.

எங்க தாத்தா வேறு விதி சொல்லித் தந்திருக்கிறாரே?

சேலம் செவ்வாய்ப்பேட்டை திண்ணையிலும் சரி, ஏற்காட்டு எஸ்டேட் லைன் வீட்டிலும் சரி, பழைய ஆட்டக்காரர்கள் இருக்கிறார்கள். ராஜா ஒரே ஒரு தடவை குதிரை மாதிரித் தாவலாம், சிப்பாய் முதலிலும் ஒரு கட்டம்தான், கடைசி வரிசையில் எந்தக் காயின் கட்டத்தில் ஏறியதோ அந்தக் காயாகத்தான் மாறும், தனி ராஜா நின்றால் இத்தனை நகர்வுக்குள் மேட் செய்யணும் என்றெல்லாம் சொல்வார்கள். இதில் முக்கால்வாசி நம் நாட்டுப் பழைய ஆட்டத்தின் மிச்சம், தாத்தா கற்பனை செய்து சொல்லவில்லை. அவரோடு ஆடும்போது அவர் விதி, போட்டியில் ஃபிடே விதி என்று பிள்ளையிடம் சொல்லிவிடுங்கள். அவரைத் திருத்தப் போகாதீர்கள். வீட்டில் தினமும் ஆடக் கிடைக்கும் ஒரே ஆள் அவராகத்தான் இருப்பார்.

எண்ணிக்கை விஷயத்தில் இன்றைய விதி: இருவரும் தொடர்ந்து 50 நகர்வு எதையும் வெட்டாமல், சிப்பாயையும் நகர்த்தாமல் ஆடியிருந்தால் டிரா கேட்கலாம். ஒரே நிலை மூன்று தடவை வந்தாலும் கேட்கலாம்.

தொட்ட காயை ஆடியே ஆகணுமா?

ஆமாம். உங்கள் காயைத் தொட்டால் அதைத்தான் நகர்த்தணும், எதிராளி காயைத் தொட்டால் வெட்ட முடிந்தால் வெட்டணும். கோணலாக நிற்கும் காயைச் சரிசெய்ய வேண்டுமென்றால் உங்கள் முறையின்போது முதலில் "அட்ஜஸ்ட்" என்று சொல்லிவிட்டுத் தொடுங்கள். தொட்டபிறகு சொல்வது செல்லாது. இதை வகுப்பின் முதல் மாதத்திலேயே கறாராக வைத்துவிடுங்கள். இதில் விட்டுக்கொடுத்தால் பிறகு போட்டியில் பிள்ளை அழும்.

நாலு நகர்வில் மேட் ஆகிவிடுகிறான். தடுப்பது எப்படி?

ஈ4, பிஷப் சி4, ராணி ஹெச்5, பிறகு எஃப்7-ல் வெட்டி மேட். யூடியூபில் பார்த்துவிட்டு ஒருவன் வருவான், ஒரே வாரத்தில் வகுப்பு முழுக்கப் பரவிவிடும். தடுப்பது: ஈ5 சிப்பாய் வைத்து, குதிரையை சி6-க்குக் கொண்டுவந்து, ராணி ஹெச்5-க்கு வந்து பிஷப்பும் சி4-ல் இருந்தால் ஜி6 சிப்பாயைத் தள்ளுங்கள். ராணி எஃப்3-க்குப் போய் மறுபடி எஃப்7-ஐப் பார்த்தால் இன்னொரு குதிரையை எஃப்6-ல் வையுங்கள். இப்போது கருப்புக்கு இரண்டு குதிரை வெளியே, வெள்ளையின் ராணிதான் அலைந்துகொண்டிருக்கிறது.

ஆனால் "ராணி வந்தா ஜி6" என்று மனப்பாடம் பண்ணிவிட்டால் வேறு இடத்தில் அடி விழும். ஈ4 ஈ5 ஆனதும் இரண்டாவது நகர்விலேயே ராணி ஹெச்5-க்கு வந்தால், சி6 குதிரை இன்னும் வராத நிலையில் ஜி6 தள்ளிப் பாருங்கள்: ராணி ஈ5 சிப்பாயை வெட்டிச் செக் கொடுக்கும், கூடவே ஹெச்8 யானையையும் பிடித்துவிடும். அவன் என்ன மிரட்டுகிறான் என்று பார்த்து வைக்கணும், முந்தாநாள் பார்த்த வீடியோவை வைத்து அல்ல.

எந்த ஓப்பனிங் சொல்லித் தரலாம்?

ஓப்பனிங் என்றால் ஆட்டத்தின் தொடக்க நகர்வு வரிசை, முதல் வருடம் எதுவும் வேண்டாம். நடுவில் ஒரு சிப்பாய், குதிரைகளும் பிஷப்புகளும் வெளியே, காஸ்லிங், ஒரே காயைத் திரும்பத் திரும்ப நகர்த்தாதே, ராணியை அவசரப்பட்டு வெளியே விடாதே. இவ்வளவுதான். பன்னிரண்டு நகர்வு மனப்பாடமாக ஆடிவிட்டுப் பதின்மூன்றாவதில் யானையைக் கொடுக்கிற பிள்ளைகளை நிறையப் பார்க்கலாம்.

ஆட்டத்தை எழுதி வைக்கணுமா?

நீண்டநேரப் போட்டிகளில் எழுதியே ஆகணும், அதுவும் முதலில் காயை வைத்துவிட்டுப் பிறகு எழுதணும். வகுப்பில் மூன்றாவது மாதம் தொடங்குங்கள். கட்டத்தின் பெயர் தெரிய ஒரு விளையாட்டு: நீங்கள் "எஃப்6" என்று கத்துங்கள், யார் முதலில் விரல் வைக்கிறார்களோ அவர்களுக்கு ஒரு புள்ளி. தமிழ் வழிப் பிள்ளைகளுக்கு இதில் சிரமம் வரும் என்று சிலர் நினைக்கிறார்கள், எட்டே எட்டு எழுத்து, ஒரு வாரத்தில் வந்துவிடும். எழுதி வைத்த ஆட்டத்தை அடுத்த வகுப்பில் மறுபடி வைத்துப் பார்ப்பதில்தான் பாதிப் படிப்பு இருக்கிறது.

செஸ் ஆடினால் கணக்கில் மார்க் கூடுமா?

நேராகச் சொன்னால், அந்த வாக்குறுதியை நான் கொடுப்பதில்லை. இங்கிலாந்தில் 100 தொடக்கப்பள்ளிகளை வைத்துச் செய்து 2016-ல் வெளியிட்ட ஒரு பெரிய ஆய்வில், செஸ் வகுப்பு முடிந்து ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது கணக்கு மதிப்பெண்ணில் வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. நோட்டீஸில் "ஞாபக சக்தி பெருகும், ஐக்யூ உயரும்" என்று போடுகிறவர்கள் போட்டுக்கொள்ளட்டும். பிள்ளை ஒரு மணி நேரம் போனைத் தொடாமல் எதிரில் ஒரு ஆளைப் பார்த்து உட்கார்ந்து ஆடுகிறது, தோற்றால் கை கொடுத்துவிட்டு எழுந்து வருகிறது. எனக்கு அது போதும். மார்க்குக்கு டியூஷன் இருக்கிறது.

தோற்றால் அழுகிறாள், பலகையைத் தள்ளிவிடுகிறான்.

அழட்டும், அதில் தப்பில்லை. கொஞ்சம் தண்ணீர் குடிக்கச் சொல்லி, ஒரு ஆட்டம் விட்டுவிட்டு அடுத்த ஆட்டத்தில் உட்கார வையுங்கள். பலகையைத் தள்ளுவதை மட்டும் அனுமதிக்கக் கூடாது. அவனே காயெல்லாம் பொறுக்கி, மறுபடி அடுக்கி வைக்கணும். பெரும்பாலும் பிள்ளையைவிட வெளியில் நிற்கிற அப்பாதான் பிரச்சினை. ஆட்டம் முடிந்து வருகிற பிள்ளையிடம் "ஜெயிச்சியா?" என்று கேட்பதற்கு முன்னால் "சாப்பிடறியா?" என்று கேளுங்கள்.

பெண் பிள்ளைகள் எட்டாம் வகுப்போடு நின்றுவிடுகிறார்களே?

ஆமாம், ஆட்டம் பிடிக்காமல் நிற்பது குறைவு. போட்டி வெளியூரில், கூட்டிப்போக ஆளில்லை, சாயங்காலம் ஆகிவிடும் என்பதுதான் காரணம். வைஷாலியும் பிரக்ஞானந்தாவும் அக்கா தம்பி, இருவரும் கிராண்ட்மாஸ்டர். உலகத்திலேயே முதல் அக்கா தம்பி ஜோடி அவர்கள்தான். வீட்டில் தம்பியைப் போட்டிக்குக் கூட்டிப்போகும்போது அக்காவையும் கூட்டிப்போங்கள் என்று சொல்ல இந்த ஒரு உதாரணத்தை நான் அடிக்கடி எடுத்துக்கொள்கிறேன். பள்ளியில் இரண்டு மூன்று பெண்களாகச் சேர்த்து அனுப்பினால் வீட்டில் மறுப்பது குறைகிறது.

என்ன செட் வாங்குவது?

சுருட்டி வைக்கும் ரெக்ஸின் பலகை, பிளாஸ்டிக் காய். 500 ரூபாய்க்குள் நல்லதாகவே கிடைக்கும். கண்ணாடிச் செட், வெள்ளிப் பூச்சுச் செட்டெல்லாம் ஷோகேஸுக்கு. சின்ன மேக்னெட் செட் பஸ்ஸில் ஆட நன்றாக இருக்கும், வகுப்புக்குக் காய் சிறிசு. பள்ளியில் காசே இல்லையென்றால் சார்ட் அட்டையில் கட்டம் போட்டு, பாட்டில் மூடியில் காயின் பெயரை எழுதி ஒட்டி ஆடலாம், ஆட்டம் ஒன்றுதான். இரண்டு பேருக்கு ஒரு செட் என்பதை மட்டும் குறைக்காதீர்கள். நாலு பேர் ஒரு பலகையைச் சுற்றி நின்றால் ஒருவன் ஆடுவான், மூன்று பேர் யோசனை சொல்வார்கள்.

போனில் ஆடலாமா?

லிச்செஸ் என்ற செஸ் செயலி இலவசம், விளம்பரமும் கிடையாது. அதில் புதிர்களைத் தினம் பத்து போடச் சொல்லுங்கள், நல்ல பயிற்சி. ஒரு நிமிட, மூன்று நிமிட ஆட்டம் வேண்டாம், பார்க்காமல் வைக்கும் பழக்கத்தை அதுதான் வளர்க்கும். மலையில் டவர் கிடைக்காத ஊர்களில் புதிர்களைத் தாளில் அச்செடுத்துக் கொடுக்கிறேன், அதுவும் நன்றாகத்தான் போகிறது.

எப்போது போட்டிக்கு அனுப்பலாம்?

ராணியை வைத்து மேட் செய்யத் தெரிந்து, ஒரு ஆட்டத்தைக் கடைசிவரை உட்கார்ந்து ஆடினால் அனுப்பலாம். பள்ளிக்கல்வித் துறையின் போட்டிகள் குறுவட்டம், மாவட்டம், மாநிலம் என்று போகும், வயதுப் பிரிவு உண்டு, ஆண் பெண் தனித்தனி. தனியார் நடத்தும் ஞாயிற்றுக்கிழமைப் போட்டிகள் பெரும்பாலும் சுவிஸ் முறையில் நடக்கும். தோற்றவுடன் வீட்டுக்குப் போக வேண்டியதில்லை, ஒவ்வொரு சுற்றிலும் கிட்டத்தட்ட அதே புள்ளி வைத்திருப்பவரோடு ஆடுவீர்கள். அதனால் முதல் இரண்டு ஆட்டம் போனாலும் மூன்றாவதில் தன் தரத்துக்கு ஏற்ற ஆள் கிடைப்பார். கிளம்பி வந்துவிடாதீர்கள்.

கடிகாரம் வைத்து ஒரு தடவையாவது வகுப்பில் ஆடிப் பார்த்துவிட்டு அனுப்புங்கள். காயை வைத்த அதே கையால் அழுத்தணும். நேரம் தீர்ந்தவர் தோற்றார். எதிராளியிடம் மேட் செய்யவே முடியாத அளவு காய் இருந்தால், உதாரணமாகத் தனி ராஜா மட்டும், டிரா.

ரேட்டிங் எப்போது கிடைக்கும்?

அவசரப்படாதீர்கள். ரேட்டிங் என்பது ஆட்டக்காரரின் பலத்தைக் காட்டும் எண். 2024 மார்ச் முதல் ஃபிடே ரேட்டிங்கின் கீழ் எல்லை 1400 ஆகிவிட்டது, முன்பு 1000. முன்னைப்போல ஒன்றிரண்டு போட்டியில் எண் கிடைத்துவிடாது. பெயர் பதிவுக்குப் பிறப்புச் சான்றிதழ் கேட்பார்கள், அதை மட்டும் இப்போதே எடுத்து வையுங்கள். ஆதாரில் ஒரு தேதி, சான்றிதழில் ஒரு தேதி என்று இருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

ஏற்காட்டிலிருந்து சேலத்தில் நடக்கும் போட்டிக்குப் பிள்ளைகளைக் கூட்டி வருகிறோம். எதைக் கவனிக்கணும்?

போட்டி 9 மணிக்கு என்றால் அரைமணி முன்பே பெயர் சரிபார்ப்பார்கள், தாமதமானால் முதல் சுற்றில் ஜோடி போடாமல் விட்டுவிடலாம். 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி வரும்போது பாதிப் பிள்ளைகளுக்குத் தலை சுற்றும், சிலர் வாந்தி எடுப்பார்கள், அதனால் காலையில் கனமாக எதுவும் கொடுக்காமல் கூட்டி வந்து, கீழே இறங்கியபிறகு இட்லி வாங்கிக் கொடுங்கள். காபி பறிப்புக் காலத்தில் பெற்றோருக்கு லீவு கிடைப்பது கஷ்டம், அப்போது ஒரு ஆசிரியரோடு நாலைந்து பேராக அனுப்பச் சம்மதக் கடிதம் முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். மலைக் குளிருக்குப் போட்ட ஸ்வெட்டரைக் கீழே கழற்றிவிடுவார்கள், எல்லாவற்றிலும் பெயர் எழுதி வையுங்கள். கடைசிச் சுற்றும் பரிசளிப்பும் இழுத்துக்கொண்டே போகும், மேலே உங்கள் ஊருக்குப் போகும் பஸ் எத்தனை மணிக்கு என்று காலையிலேயே கேட்டு, தேவைப்பட்டால் கிளம்பணும் என்று நடத்துபவரிடம் சொல்லி வையுங்கள். பரிசு இருந்தால் பிறகு வாங்கிக்கொள்ளலாம், பஸ் போனால் டாக்ஸிக்கு ஆகிற செலவு நுழைவுக் கட்டணத்தைவிடப் பல மடங்கு.